குடோன் பலகை

நொட்டாங்கையார் எல்லா வேலையையும் இடது கையால்தான் செய்வார். ரம்பம் பிடிப்பது, இழைப்புளி தள்ளுவது, பென்சிலைக் காதில் செருகிக்கொள்வது எல்லாமே இடப்பக்கம். அவருடைய பட்டறையில் வேறு யாராவது நின்று வேலை பார்த்தால், பத்து நிமிஷத்துக்குள் முழங்கை எதிலாவது போய் இடிக்கும். அதனால் அவருக்குக் கூட்டாளிகள் நிலைத்ததில்லை. மனைவி மட்டும்தான் நிலைத்தார்.

முதல் பதினான்கு வருஷம் ஒரு தொழிற்சாலையில் சமையலறை அலமாரிகள் செய்தார். மரத்தூளைப் பசையில் பிசைந்து அழுத்திய பலகை, மேலே பளபளவென்று வெள்ளை மைக்கா. "தண்ணியக் காட்டினாப் போதும், மாசமா இருக்கிற மாதிரி வயிறு உப்பிக்கும்" என்று அந்த அலமாரிகளைப் பற்றிச் சொல்லுவார். பிறகு தொழிற்சாலையை விட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டுச் சொந்தமாக வேலை எடுத்தார். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லாத வீடு. மனைவி மெழுகு பூசக் கற்றுக்கொண்டார். அவர் அறுப்பார், இழைப்பார், கீல் பூட்டுவார். அந்த அம்மா உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் விட்டு, தேன்மெழுகு ஏற்றித் துடைப்பார்.

அந்த நேரம் பார்த்து ஜனங்களின் ரசனை மாறியது. ஆணி ஓட்டையை மறைத்துக் கொடு என்று சண்டை போட்டவர்களே ஆணி ஓட்டை எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். கணு தெரிய வேண்டும், ரேகை ஓட வேண்டும், கையை வைத்தால் மரம் மாதிரி சொரசொரக்க வேண்டும். நொட்டாங்கையார் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய அலமாரியின் பெட்டியைச் சுவரில் அப்படியே விட்டுவிட்டு, கதவுகளையும் தட்டுகளையும் மட்டும் கழற்றி, பழைய மரத்தில் புதிதாகச் செய்து மாட்டுவது. "உடம்பு அப்படியே இருக்கட்டும், முகத்தை மாத்திரலாம்" என்பார். அது பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டைப் பார்த்து அடுத்த வீடு கூப்பிட்டது.

முப்பது வருஷ மரத்தூளில் அவருக்கு மூக்கு போய்விட்டிருந்தது. வெங்காயம் நறுக்குகிறார்கள் என்றால் கண் எரிந்துதான் தெரியும். "என் மூக்கு முகத்துல அழகுக்கு இருக்கு, வேலைக்கு உன் மூக்கு" என்று மனைவியிடம் சொல்லுவார். பசை காய்ந்ததா, பால் பொங்குகிறதா, எங்கேயாவது கேஸ் கசிகிறதா, எல்லாவற்றையும் அந்த அம்மாதான் மோந்து சொல்லுவார். அவரும் கேட்டுக்கொள்வார். ஒரே ஒரு தடவைதான் கேட்கவில்லை.

மரக்கிடங்கில் இடித்த கட்டடங்களின் மரம் வந்து குவியும். கிடங்குக்காரர் ஒரு நாள் போன் பண்ணி, "நல்ல சரக்கு வந்திருக்கு, உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன், உடனே வாங்க" என்றார். போய்ப் பார்த்தால், ஆள் நீளத்துக்கு மேல் நீளமான பலகைகள். ஒன்றரை விரல் தடிமன். சாம்பல் நிறத்தில், அங்கங்கே பெரிய பெரிய கருவட்டங்கள், வட்டத்தின் ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு சாயல். நொட்டாங்கையார் ஒரு பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். இப்படி ஒரு நிறத்தை எண்ணெயும் சாயமும் போட்டு வருஷக்கணக்கில் மெனக்கெட்டாலும் கொண்டுவர முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

"எங்க பிரிச்சது?"

"பழைய குடோன் ஒண்ணு. அம்பது வருஷத்துப் பலகை. இனிமே இந்த மாதிரி கிடைக்காது பாத்துக்கங்க."

என்ன குடோன் என்று அவர் கேட்கவில்லை. அடுக்கு முழுவதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மனைவி உப்புத்தாள் பிடித்த மூன்றாம் நாள், வலது கண்ணிமை துடிக்கவும் கை வெட்டி இழுக்கவும் ஆரம்பித்தது. தலைவலி. மத்தியானம் வாந்தி எடுத்தார்.

"என்னங்க, இந்தப் பலகையில என்னமோ மருந்து நாத்தம் அடிக்குது."

"பழைய பலகைன்னா ஆயிரம் நாத்தம் இருக்கும். எலி மூத்திரம், தார், எண்ணெய். மேல ரெண்டு இழைப்பு இழைச்சாப் போயிரும்."

இழைத்தார். கருவட்டம் போய்விடக் கூடாதே என்று மெல்லிசாகத்தான் இழைத்தார். மனைவி குனிந்து மோந்தார்.

"கொறஞ்சிருக்கு. போகல."

"மெழுகு ஏத்தினா அடங்கிரும்."

அந்த வாரம் பட்டறையில் மரச்சுருளுக்குள் படுத்துத் தூங்குகிற தெருப்பூனை ஒன்று கால் விறைத்துச் செத்துக்கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எலிக்கு ஏதோ வைத்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். மனைவி இரண்டு நாள் படுத்திருந்தார். மிச்சப் பலகைகளை நொட்டாங்கையாரே வாயில் துணி கட்டிக்கொண்டு வாசலில் வைத்துத் தேய்த்து முடித்தார். வெளிக்காற்றில் நின்றதாலோ என்னவோ, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பலகை நான்கு வீடுகளுக்குப் போனது. கடைசி வீடு ஒரு பஸ் டிரைவருடையது.

ஒட்டிக்கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. டிரைவர், டீச்சர் வேலை பார்க்கும் அவருடைய மனைவி, ஆறு வயசுப் பாப்பா, டிரைவரின் அக்கா ஆகிய நான்கு பேர். அக்காவுக்கு ஐம்பது வயசு. தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்து, முட்டிவலி தாங்காமல் முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டவர். தெருவில் தபாலக்கா என்று பெயர். தம்பியும் தம்பி மனைவியும் விடிந்ததும் வேலைக்கு ஓடிவிடுவார்கள், சாப்பாடும் வெளியில்தான். சமையலறையும் பாப்பாவும் தபாலக்காவின் ராஜ்ஜியம். மரக் கதவு வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான். போனில் முப்பது நாற்பது படம் சேர்த்து வைத்திருந்தார்.

முதல் நாள் நொட்டாங்கையார் அளவு எடுக்கும்போது, "மேடம், அந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் எடுத்தா நல்லாயிருக்கும்" என்றார்.

"மேடம்னா ஆபீஸ்ல விட்டுட்டு வந்தாச்சு. அக்கான்னு கூப்பிடுங்க."

"நான் உங்களைவிட நாலஞ்சு வயசு பெரியவன்."

"அப்ப தங்கச்சின்னு கூப்பிடுங்க. கணக்கு நேராயிரும்."

பத்தொன்பது நாள் அந்தச் சமையலறையில் வேலை நடந்தது. சிறிய அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே இருந்த பெட்டி தண்ணீர் குடித்து ஊறி, மைக்கா உரிந்து சுருண்டு கிடந்தது. அதை மட்டும் அடியோடு பெயர்த்தெடுத்துப் புதிதாகச் செய்தார். மற்றதற்கெல்லாம் கதவு மாற்றினார். ஜன்னலுக்குப் பக்கத்தில் கதவே இல்லாத மூன்று திறந்த தட்டுகள் வைத்தார். தபாலக்கா ஒரு முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். யார் யாருக்கு யார் கடிதம் போட்டார்கள், விலாசம் தப்பாகப் போய் எத்தனை கல்யாணம் நின்றது என்று இருபத்தைந்து வருஷத்துக் கதை. நாலு மணிக்கு டீ. டீயோடு அவரே சுட்ட ரொட்டி ஒரு துண்டு. வாரத்துக்கு இரண்டு தடவை ரொட்டி சுடுவார். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், ஓரத்து மொறுமொறுப்புத் துண்டு எனக்கு என்று வந்து நிற்கும்.

கருவட்டங்கள் தபாலக்காவுக்கு உயிர். தொட்டிக்கு மேலே இருந்த கதவில் ஒரு வட்டம் சரியாக நடுவில் விழுந்திருந்தது. "முத்திரை குத்தின மாதிரியே இருக்குண்ணே. எனக்குன்னே செஞ்சு அனுப்பிருக்காங்க" என்றார்.

வேலை முடிகிற நாளில் இரண்டு பலகை மிச்சம் இருந்தது. நொட்டாங்கையார் அதில் ஒரு மாவுப் பெட்டி செய்தார். சாய்வான மூடி, தோல் பட்டையில் கைப்பிடி. தபாலக்கா மாவைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்திருந்ததைப் பத்தொன்பது நாளும் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. உள்ளே மெழுகு பூசினால் மாவில் வாசம் ஏறும் என்று உள்பக்கத்தை வெறும் மரமாகவே விட்டார்.

"இது எதுக்குண்ணே? இதுக்கு நான் ஒண்ணும் சொல்லலியே."

"அண்ணன் குடுத்ததுன்னு வெச்சுக்கங்க."

தபாலக்கா பெட்டியில் மாவைக் கொட்டி, மூடியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு கதவு உரசுகிறது என்று டீச்சர் போன் செய்தார். நொட்டாங்கையார் கீலைச் சரிசெய்யப் போனபோது தபாலக்கா கட்டிலில் இருந்தார். முகம் ஒரு சுற்று வற்றியிருந்தது. உதட்டில் தையல்.

"வலிப்பு வந்துச்சாம். எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. எழுந்து பாத்தா தரையில கெடக்கறேன், உதட்டைக் கடிச்சிருக்கேன்" என்றார். "இந்த வயசுல புதுசா வலிப்பு. லேட்டாப் பட்டுவாடா ஆன கடிதம் மாதிரி."

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்களாம். மாத்திரை கொடுத்திருந்தார்கள். நொட்டாங்கையார் கீலை இறுக்கிவிட்டு டீ குடிக்காமல் திரும்பினார். வழியெல்லாம் ஏதோ ஒன்று மனசில் உறுத்தியது. என்ன என்று அவர் தோண்டிப் பார்க்கவில்லை. வீட்டில் மனைவியிடம், "அந்தத் தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதம் தபாலக்கா சமையலறையில் விழுந்தார். மூன்றாவது வலிப்பு. விழும்போது தலை தொட்டியின் விளிம்பில் பட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பாப்பாதான் முதலில் பார்த்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து உடலைத்தான் கொடுத்தார்கள்.

சாவுக்கு நொட்டாங்கையாரும் மனைவியும் போனார்கள். சின்ன வீடு, நிற்க இடமில்லை. ஆட்கள் சமையலறைக்குள்ளும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவர் அலமாரிக் கதவைத் தடவி, "நல்ல வேலை" என்று முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது, டீச்சரின் தங்கை தன் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"குழந்தையும் பயந்துபோச்சு. முந்தாநாள் ஸ்கூல்ல நின்ன எடத்துலயே கையெல்லாம் வெட்டிவெட்டி இழுத்துச்சாம். அத்தை விழுந்ததப் பாத்த அதிர்ச்சிங்கறாங்க."

நொட்டாங்கையாரின் மனைவி திரும்பி அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"கண்ணு துடிச்சுது எனக்கு. கையும் அப்படித்தான் வெட்டிச்சு" என்றார் மனைவி, வாசலுக்கு வெளியே வந்ததும்.

"தெரியும்."

"பூனை."

"தெரியும்ங்கறேன்ல."

மனைவியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு நேராக மரக்கிடங்குக்குப் போனார். உச்சி வெயில். கிடங்குக்காரர் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குடோன் பலகை. என்ன குடோன் அது?"

"ஏன், என்ன ஆச்சு?"

"என்ன வெச்சிருந்தாங்க அதுல?"

"உரம், பூச்சிமருந்து. வயலுக்கு அடிக்கறது. அது மூடியே இருபது வருஷம் ஆச்சுங்க."

"இது எந்தப் பலகை? சுவரா, கூரையா?"

"தரை" என்றார் கிடங்குக்காரர். பிறகு பேப்பரை மடித்தார். "டிரம் வெச்ச எடம் வட்டவட்டமா இருக்கும் பாருங்க. அந்த வட்டத்துக்குத்தான விலையே."

நொட்டாங்கையார் வெளியே வந்தார். கிடங்கின் வேலியோரம் உருட்டுக் கட்டைகள் அடுக்கியிருந்தார்கள். அதில் ஒன்றின்மேல் உட்கார்ந்தார். உடனே அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் இன்றுதான் அக்காவைப் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள், இன்றே போய் நான்தான் கொன்றேன் என்று எப்படிச் சொல்வது. ஒருவேளை அது காரணமாக இல்லாமலும் இருக்கலாம். மெழுகு போட்டிருக்கிறோமே. தட்டில் காகிதம் விரித்திருக்கிறார்களே. ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே வந்தவருக்கு மாவுப் பெட்டி ஞாபகம் வந்தது. உள்ளே மெழுகு இல்லை. அது ஞாபகம் வந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். நாளைக்குக் காலையில் போய்ப் பேசுகிறேன் என்றார். மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"எங்க போற?"

"நீங்க வரலன்னா நான் சொல்றேன்."

அவர் பின்னாலேயே ஓடினார்.

டிரைவர் வீட்டில் கூட்டம் கலைந்திருந்தது. டீச்சர் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தார். பாப்பா அவர் மடியில் படுத்திருந்தது.

"பாப்பா என்ன சாப்பிட்டுச்சு இன்னைக்கு?" என்று கேட்டார் நொட்டாங்கையார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

டீச்சருக்குக் கேள்வி புரியவில்லை. "காலையில இருந்து ஒண்ணும் தொடல. ஒரு மணி நேரத்துக்கு முன்னால அத்தை ரொட்டி வேணும்னு அழுதா. அக்கா கடைசியாச் சுட்டது கொஞ்சம் இருந்துச்சு. வாட்டிக் குடுத்தேன். ஏன்?"

அவர் சொன்னார். நின்றபடியே, வாக்கியம் வாக்கியமாக, மனைவியின் கண்ணிமை, பூனை, குடோன், டிரம் எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் டிரைவர் உள்ளறையிலிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் சொல்லி முடித்ததும் டிரைவர் ஒரே தாவாகப் பாய்ந்து அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினார். அடி விழும் என்று நொட்டாங்கையார் கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை.

"எங்கக்கா உங்களுக்கு டீ போட்டுக் குடுத்தாங்க" என்றார் டிரைவர்.

"முதல்ல பிள்ளையத் தூக்குங்க" என்று நொட்டாங்கையாரின் மனைவி சத்தம் போட்டார். மாவுப் பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மாவையும் மிச்ச ரொட்டியையும் ஒரு டப்பாவில் அள்ளிப்போட்டுக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே பாப்பாவுக்கு வலிப்பு வந்தது. இந்தத் தடவை நிற்கவே இல்லை. ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது. என்ன விஷம் என்று தெரிந்ததால்தான் காப்பாற்ற முடிந்தது, இல்லாவிட்டால் அத்தைக்குப் பார்த்த மாதிரியே பார்த்திருப்போம் என்று பிறகு டாக்டர் சொன்னார். பதினோரு நாள் பாப்பா கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது பேச்சு குழறியது. மாதக்கணக்கில் பேச்சு திரும்பியது. வலிப்பு மட்டும் போகவில்லை. அன்று கடைசியாகத் தின்ற ரொட்டிதான் வினையா, இல்லை மூன்று மாதமாகத் தின்றதெல்லாம் சேர்ந்துதானா என்று நொட்டாங்கையார் டாக்டரிடம் கேட்டார். அதையெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் தன் மனசுக்குள் பிரித்துக்கொண்டார். கட்டைமேல் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியைத் தவிர.

பாப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவர் மற்ற மூன்று வீடுகளுக்கும் போனார். முதல் வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அலறியடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டுபோகச் சொன்னார்கள். இரண்டாவது வீட்டில் பாத்திரம் மட்டும்தான் வைத்திருந்தார்கள். நல்லவேளை என்று சொல்லிக் கழற்ற விட்டார்கள். மூன்றாவது வீட்டம்மா விடவில்லை.

"நாங்க நல்லாத்தான இருக்கோம்? எனக்கு ஒரு தும்மல்கூட வரல."

"அம்மா, விஷம்மா அது. ஒரு உயிரு போயிருச்சு."

"வேற யாருக்கோ நல்ல விலைக்குப் பேசிட்டீங்க போல. அதான் கழட்ட வந்திருக்கீங்க."

மூன்று நாள் தொடர்ந்து போனார். மூன்றாம் நாள் அந்த அம்மா வந்திருந்த விருந்தாளிகளுக்கு அலமாரியைக் காட்டிக்கொண்டிருந்தார். வட்டத்தைத் தொட்டுக் காட்டி, இது இயற்கையாகவே விழுந்தது என்றார். நொட்டாங்கையார் வாசலில் நின்று அதைக் கேட்டார். கடைசியில் சுகாதார இலாகா ஆட்கள் வந்து பூட்டிச் சீல் வைத்த பிறகுதான் அங்கே கதவுகள் இறங்கின. கழற்றிய பலகைகளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. எரிக்கக் கூடாது, புதைக்கக் கூடாது, குப்பைக் கிடங்கில் வாங்க மாட்டோம் என்றார்கள். அவருடைய பட்டறையிலேயே தார்ப்பாய் போட்டு மூடி, கதவில் காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். எட்டு மாதம் அங்கேயே கிடந்தது.

வழக்கு வந்தது. கிடங்குக்காரர் காண்ட்ராக்டரிடம் வாங்கினேன் என்றார், காண்ட்ராக்டர் பாதி பலகை வேறு கட்டடத்தினுடையது என்றார். இருவருக்கும் அபராதத்தோடு போயிற்று. நொட்டாங்கையாரின் வக்கீல் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "வாசனை பத்தி நீங்க வாயத் திறக்க வேண்டாம். தெரியாம வாங்கினீங்க, தெரியாம செஞ்சீங்க. அவ்வளவுதான்" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

கூண்டில் ஏறியதும் அவர் சொல்லிவிட்டார். "மருந்து நாத்தம் அடிக்குதுன்னு என் வீட்டுக்காரம்மா சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. எனக்கு மூக்கு வேலை செய்யாது. அவங்க சொல்றதத்தான் எப்பவும் கேப்பேன்."

"அப்புறம் ஏன் இந்தத் தடவை கேக்கல?" என்றார் நீதிபதி.

"பலகை அழகா இருந்துச்சுங்க."

கோர்ட்டில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு வருஷம் தண்டனை. பத்து மாதத்தில் விட்டார்கள். ஜெயிலில் தச்சுப் பட்டறை இருந்தது. அவர் தொழில் தெரிந்ததும் அங்கே போடப் பார்த்தார்கள். துணி வெளுக்கிற இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெரிய இயந்திரங்கள், நீராவி, ஈரத் துணியின் கனம். வெளியே வந்தபோது பட்டறை காலியாக இருந்தது. ஏதோ ஒரு கம்பெனி வண்டி வந்து பலகைகளை ஏற்றிக்கொண்டு போனதாக மனைவி சொன்னார். உளிகளையும் இழைப்புளியையும் மனைவி எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார். "வேண்டாம்" என்றார் அவர். அந்த அம்மா வற்புறுத்தவில்லை. விற்கலாம் என்று ஒருவரைத் தேடிப் பிடித்தும் ஒன்றும் போணியாகவில்லை. அவருடைய கைக்குத் தேய்ந்த பிடிகள், வேறு கையில் நிற்காது. இரும்புக்காரரிடம் போட்டார்கள்.

ஜெயிலில் கற்ற வேலை ஆஸ்பத்திரியில் உதவியது. படுக்கை விரிப்பும் போர்வையும் வெளுக்கிற பகுதியில் சேர்ந்தார். காலை ஆறு மணிக்குப் போனால் மத்தியானம் இரண்டு வரை. வார்டு வார்டாக வண்டி தள்ளிக்கொண்டு போய் அழுக்கை எடுத்து வர வேண்டும்.

டீச்சர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாப்பாவை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவார். அங்கே வேலைக்குச் சேரும்போது இது நொட்டாங்கையாருக்குத் தெரியும். தெரிந்துதான் சேர்ந்தாரா, வேறு இடம் கிடைக்காமல் சேர்ந்தாரா என்று மனைவி ஒருமுறை கேட்டதற்கு, "ரெண்டும்தான்" என்றார். டீச்சர் முதல் தடவை அவரைத் தாழ்வாரத்தில் பார்த்தபோது, பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கமாக நடந்தார். அடுத்த தடவையும் அப்படித்தான். பாப்பாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. வளர்ந்திருந்தது. நடக்கும்போது இடது கால் லேசாக இழுத்தது.

எட்டு வயசு முடிந்த சமயம், ஒரு நாள் மாத்திரை வாங்குகிற வரிசையில் பாப்பா சரிந்தது. நொட்டாங்கையார் பத்தடி தள்ளி வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். தரை சிமெண்டுத் தரை. அவர் வண்டியிலிருந்து ஒரு விரிப்பை உருவி, நாலாக மடித்து, தலை தரையில் மோதுவதற்கு முன்னால் கீழே கொடுத்துவிட்டார். பாப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். டீச்சர் மறுபக்கம் மண்டியிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நிமிஷம் என்று எண்ணுவது அவருக்குப் பழகிப்போயிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் விலகி வட்டமாக நின்றார்கள்.

"ரெண்டு" என்றார் டீச்சர். கொஞ்சம் பொறுத்து, "மூணு."

நாலாவது நிமிஷத்தில் கை கால் தளர்ந்தது. பாப்பா பெரிதாக ஒரு மூச்சு விட்டது. வாயோரத்து எச்சிலை டீச்சர் தன் புடவைத் தலைப்பால் துடைத்தார். நர்ஸ் ஒருத்தி ஓடி வந்தாள்.

"நீங்க போங்க" என்றார் டீச்சர், அவரைப் பார்க்காமலே. குரலில் கோபம் இல்லை. வேறு எதுவும்கூட இல்லை.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும் வரை அவர் நின்றார். பிறகு தரையில் கிடந்த விரிப்பை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு, அடுத்த வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அன்று இன்னும் நாலு வார்டு பாக்கி இருந்தது.